2 பரோட்டா, அளவில்லா சால்னா: கீரனூர் ஹோட்டல் மெனு சொல்லாத கலோரி கணக்கு

திருச்சியில் வேலையை முடித்துவிட்டு இரவு 9 மணிக்கு கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். பசி. எதிரே பரோட்டா கல்லில் தட்டுற சத்தம். போனில் இருக்கும் கலோரி ஆப் 'இன்றைக்கு இன்னும் 600 பாக்கி' என்கிறது. ஆனால் கடையில் மாட்டியிருக்கும் பலகையில் விலை மட்டும்தான் இருக்கிறது. இப்ப என்ன செய்வீங்க?

பலரும் செய்வது இரண்டில் ஒன்று. 'டயட் போச்சு' என்று நாலு பரோட்டாவை உள்ளே தள்ளுவது, அல்லது வீட்டுக்குப் போய் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுப்பது. இரண்டுமே தேவையில்லை. கொஞ்சம் கணக்கு தெரிந்தால் போதும்.

பெரிய கடைகளில் கலோரி போடுகிறார்களே, இங்கே ஏன் இல்லை?

சென்னை மாலில் பீட்சா, பர்கர் வாங்கும்போது மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'கிலோ கலோரி' என்று ஒரு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது கடைக்காரரின் விருப்பம் அல்ல, சட்டம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிமுறைகளில் இது இருக்கிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பரிமாறலின் அளவு என்ன, அதில் எத்தனை கிலோ கலோரி என்று மெனுவில் போட வேண்டும். சராசரியாக, சுறுசுறுப்பாக இயங்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவை, அது ஆளுக்கு ஆள் மாறலாம் என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

ஆனால் விதி யாருக்கு? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் மத்திய உரிமம் வைத்திருப்பவர்களுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றைக் கடை நடத்துபவர் இதற்குள் வரமாட்டார். சொல்லப்போனால் வரவும் முடியாது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கலோரி கணக்கிட்டுக் கொடுக்க அவர் எங்கே போவார்? காலையில் போட்ட தோசையும் ராத்திரி போட்ட தோசையும் ஒரே எடையில் இருக்காது.

சரி, எண்ணைப் போட்டால் மட்டும் மக்கள் குறைத்துச் சாப்பிடுகிறார்களா? 2025 ஜனவரியில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 25 ஆய்வுகளை அலசியது. கலோரி லேபிள் பார்த்துத் தேர்வு செய்பவர்கள் சராசரியாக 1.8 சதவீதம் குறைவாக எடுக்கிறார்கள். 600 கலோரி சாப்பாட்டில் 11 கலோரி. அரைத் தேக்கரண்டி சர்க்கரைதான்! தினமும் சேர்ந்தால் பயன் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருந்தாலும், பலகையில் எண் இல்லையே என்று கீரனூர்க்காரர்கள் ரொம்ப வருத்தப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் நாமே கணக்குப் போடுவது எப்படி?

மூன்று எண்கள் போதும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4, ஒரு கிராம் எண்ணெயில் 9. (பேச்சுவழக்கில் நாம் கலோரி என்பது கிலோ கலோரியைத்தான்.) ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்றால் சுமார் 40 கலோரி.

இப்போது பரோட்டா. ஒரு உருண்டைக்கு 60 கிராம் மைதா என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 210 கலோரி. உருண்டையை ஊறவைக்க, வீச, கல்லில் சுட என்று மொத்தம் 2 தேக்கரண்டி எண்ணெய் என்றால் இன்னொரு 80. ஆக ஒரு பரோட்டா 290 பக்கம். இரண்டு சாப்பிட்டால் 580. ஆப் சொன்ன 600 கிட்டத்தட்ட முடிந்தது, சால்னாவை இன்னும் சேர்க்கவே இல்லை.

சால்னாதான் இந்தக் கதையின் வில்லன் என்பது என் கருத்து. பரோட்டாவை எண்ணிச் சாப்பிடுகிறோம், சால்னாவை யாராவது எண்ணுகிறார்களா? தேங்காய் அரைத்து ஊற்றியது, மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பது. அந்த மிதப்பில் இரண்டு தேக்கரண்டி நம் தட்டுக்கு வந்தாலே 80 கலோரி. மூன்று முறை ஊற்றினால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுத் தட்டுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எண்ணெய் 27 கிராம். இரண்டு பரோட்டாவிலேயே 18 கிராம் போய்விடுகிறது.

அதனால் பரோட்டாவே கூடாதா? கூடும். இரண்டோடு நிறுத்திக்கொண்டு, "அண்ணே, மேல இருக்க எண்ணெய ஒதுக்கிட்டு ஊத்துங்க" என்று கேட்டால் ஊற்றுவார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அல்லது ஒரு பரோட்டா, கூடவே ஒரு முட்டை மாஸ். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அவித்த முட்டையை வெட்டி வெங்காயம், தக்காளி மசாலாவில் புரட்டித் தருவது. ஒரு அவித்த முட்டையில் 75 கலோரி அளவுதான், 6 கிராம் புரதமும் கிடைக்கும். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். "எண்ணெய் கம்மியா" என்பதை மட்டும் ஆர்டரோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கொத்து பரோட்டாவில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. இரண்டு, மூன்று பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முட்டை ஊற்றி, சால்னா விட்டு, மறுபடியும் எண்ணெயில் கொத்துகிறார்கள். ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதுதான் வழி.

மதியச் சாப்பாடு?

இங்கே பிரச்சினை எண்ணெய் அல்ல, சோறு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று 450 கிராம் போனால் சோறு மட்டுமே 585. அளவுச் சாப்பாடு கிடைத்தால் அதை வாங்குங்கள். முழுச் சாப்பாடுதான் என்றால் முதல் சோறு வரும் முன்பே கூட்டு, பொரியலைப் பாதி காலி செய்துவிட்டு, இரண்டாவது முறை அதையே கேளுங்கள். காசு கொடுத்தாச்சே என்று சோறு வாங்குவதைவிட இது லாபம்.

டிபனில் இட்லிதான் பாதுகாப்பு. நாலு இட்லி 200 முதல் 250. நெய் ரோஸ்ட், பொங்கல், வடை மூன்றிலும் நெய்யோ எண்ணெயோ உள்ளே ஒளிந்திருக்கிறது. மூன்றையும் ஒரே காலையில் வாங்காமல் இருந்தால் சரி.

இவ்வளவு கவலை தேவையா?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு, தமிழகத்தில் நீரிழிவு 14.4 சதவீதம் என்றது, தேசிய சராசரி 11.4. பரோட்டா மட்டும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலைக்காக தினமும் பஸ் ஏறும், வாரத்தில் நாலு நாள் வெளியே சாப்பிடும் தலைமுறைக்கு இந்த எண்கள் தூரத்து விஷயம் இல்லை.

அதே சமயம், எண்களிலேயே மூழ்குவதும் ஆபத்து. இங்கிலாந்தில் 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள உணவகங்களுக்கு 2022 ஏப்ரலில் இதே விதி வந்தபோது, உணவு உண்ணும் கோளாறு உள்ளவர்களை இது பாதிக்கும் என்று அவர்களுக்கான தொண்டு அமைப்பு எதிர்த்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே பயமும் குற்ற உணர்வும் வருகிறது என்றால் ஆப்பை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அளவைக் குறைக்க வேண்டாம்.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத டீ. ஒரு கிளாஸில் 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கலோரி, பால் தனி. நாளைக்கு நாலு டீ என்றால் சர்க்கரை மட்டும் 160, அதாவது பாதி பரோட்டாவுக்கு மேல். "மாஸ்டர், சர்க்கரை கம்மி" என்று சொல்வது டீக்கடையில் புதுசு ஒன்றும் இல்லை. பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பல வருஷமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.