இல்லத்தில் மரிக்கொழுந்து

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ ஆகிய நால்வகை மலர்களையும் கொய்து, தம் கையாலேயே மாலை தொடுத்துப் பெருமானுக்குச் சாத்தினார் என்பதைப் பெரியபுராணத்தால் அறிகிறோம். நம்மிற் பலருக்கு நந்தவனம் இல்லை. முற்றத்தில் நான்கு முழ நிலமோ, மாடியில் இரண்டு மண்தொட்டியோதான் உண்டு. மரிக்கொழுந்துக்கு அவ்வளவு இடமே போதும்.

இது இலையால் மணப்பது. திருநீறு படிந்தாற்போல வெளிறிய நுண்ணிய இலைகளோடு முழ உயரம் வளரும். வடமொழியில் தமனகம் எனப்படும். சிவபெருமானுக்கு இதனைச் சாத்தும் சித்திரை மாதச் சடங்கைச் சைவ பத்ததிகள் தமனாரோபணம் என்று வழங்கும். பெருமானுடைய சினத்திற் தோன்றித் தேவரை அடக்கிய பைரவரே, அவர் பணித்தபடி நிலவுலகில் இச்செடியானார் என்பது புராண வரலாறு. மரு என்பது வேறு செடி. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் மயங்கக் கூறுவர்.

விதைத்தும் கைகூடவில்லை என வருந்துவோர் பலர். அடியேனும் முதலில் ஆடிப்பட்டத்தை நம்பி விதைத்தேன். எழுந்த நாற்றெல்லாம் ஐப்பசி மழையில் அழுகிற்று. இது பனிக்காலத்துச் செடி. கார்த்திகையிலே விதைத்தல் வேண்டும். மழை ஓயாத ஊர்களில், தாழ்வாரத்துத் தொட்டியில் நாற்று விடுக. விதை மிகச் சிறிது. அதனை நீரில் நனைத்துத் துணியில் முடிந்து, இரண்டு நாள் சென்று முளை காணும் தறுவாயில் மணலோடு கலந்து தூவுக. மேலே மிக மெல்லிய மண்போர்வை போதும். ஆழப் புதைத்தால் எழாது. பூவாளியாலே நீர் தெளிக்க. நான்கைந்து வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண்ணில், நல்ல வெயில் படும் இடத்தில், அரைச்சாண் இடைவிட்டு நடுக. எருவாக மக்கிய சாணம் தகும். பெருமான் திருமேனியிற் சாத்துவதற்கு உரியதாகலின் பூச்சி மருந்து தெளித்தல் ஆகாது.

கார்த்திகையில் விதைத்தது மாசியில் முதிரும். மகாசிவராத்திரிக்குக் கொழுந்து கிடைக்கும். காலைப் பனி உலர்ந்தபின் நுனியைக் கிள்ளுக. சாத்துமுன் முகர்தல் கூடாது என்பது நம் மரபு. ஆயினும் கிள்ளிய விரலில் மணம் தானே தங்கிவிடுகிறது. அதற்கு நாம் என் செய்வோம்!

எல்லாவற்றையும் கொய்துவிடாமல் நான்கு செடிகளை விட்டு வைக்க. அவை சிறு மஞ்சள் பூப் பூத்து உலர்ந்தபின் விதையை உதிர்த்து, ஈரமின்றிக் காத்து, வருங் கார்த்திகையிலேயே பயன்படுத்துக. நாட்பட்ட விதை முளைப்பது அரிது.