குற்றவாளி நரம்பணு அல்ல: அகுவாயோவின் ஆய்வு திருப்பிப்போட்ட கேள்வி

கையில் அறுபட்ட நரம்பைத் தைத்துச் சேர்த்தால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் அது மறுபடி வளரும். மாதங்கள் கழித்து விரல்நுனியில் உணர்வு திரும்பக்கூடும். தண்டுவடத்தில் அறுபட்ட இழைகள் அப்படி வளர்வதில்லை. விபத்தில் கழுத்தெலும்பு நொறுங்கிப் படுக்கையில் விழுந்த எத்தனையோ இளைஞர்களின் வாழ்க்கையை முடிவுசெய்வது இந்த ஒரு வேறுபாடுதான். ஒரே உடம்பில் ஏன் இந்த இரண்டு நியாயம்?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களுக்கு வளரும் திறனே வற்றிவிட்டது என்பதுதான் நெடுங்காலம் பெரும்பாலோர் நம்பிய பதில். ஸ்பெயினின் பேரறிஞர் ரமோன் இ கஹால் அத்தனை கறாராக நினைக்கவில்லை. அவருடைய மாணவர் டெல்லோ 1911இல் முயல் மூளைக்குள் கால் நரம்புத் துண்டு ஒன்றைப் பதித்துப் பார்த்தார். இழைகள் அதற்குள் நுழைந்திருந்தன. ஆனால் அவை மூளையின் நரம்பணுக்களிலிருந்தே கிளம்பியவையா, அக்கம்பக்கத்து நரம்புகளிலிருந்து வந்தவையா என்று பிரித்துக் காட்ட அன்று வழி இல்லை. அந்தச் சந்தேகத்திலேயே விஷயம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்தது.

அதை மீட்டெடுத்தவர் ஆல்பர்ட் அகுவாயோ. அர்ஜென்டினாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் மெகில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஆய்வுக்கூடம் நடத்தியவர். 1970களில் அவருடைய குழு செய்த ஒரு சோதனையிலேயே பின்னால் வரப்போகும் சிந்தனை தெரிகிறது. டிரெம்ப்ளர் என்ற எலிவகைக்கு நரம்பின் மேலுறையான மையிலின் சரியாக உருவாவதில்லை. பழுது நரம்பிழையிலா, அதைச் சுற்றி உறை நெய்யும் ஷ்வான் செல்லிலா? நோயுள்ள எலியின் நரம்புத் துண்டை நல்ல எலிக்குள் ஒட்டவைத்தார்கள். நல்ல இழைகள் அதற்குள் வளர்ந்தும் உறை கோணலாகவே வந்தது. ஆக, பழுது ஷ்வான் செல்லில்தான். இடத்தை மாற்றிவைத்தால் குற்றவாளி தானே அகப்படுவான். இந்த முறையைத்தான் அவர் அடுத்துத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோனார்.

1980இல் பீட்டர் ரிச்சர்ட்சனோடு, வெட்டப்பட்ட எலித் தண்டுவடத்தின் இடைவெளியில் கால் நரம்பை ஒட்டவைத்து, மத்திய நரம்பு மண்டலத்தின் இழைகள் அதற்குள் வளர்வதைக் காட்டினார். அடுத்த ஆண்டு சாமுவேல் டேவிட்டோடு வெளியிட்ட சோதனைதான் பாடப்புத்தகங்களில் ஏறியது. நரம்புத் துண்டின் ஒரு முனை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், மறுமுனை தண்டுவடத்தில். நடுப்பகுதி தண்டுவடத்துக்கு வெளியே ஒரு பாலம்போலக் கிடந்தது. பிறகு அந்தப் பாலத்தை வெட்டி, முனைகளில் ஒரு நொதியைத் தடவினார்கள். இழை அதை உறிஞ்சி, தான் பிறந்த செல்வரை பின்னோக்கி எடுத்துச் செல்லும். அந்த நொதியால் சாயம் ஏறிய செல்கள் முகுளத்திலும் தண்டுவடத்திலும் கிடைத்தன. டெல்லோவுக்கு எட்டாத சாட்சியம் இதுதான். இழைகள் சுமார் 30 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தன. எலியின் உடம்பில் அது சிறிய தூரம் அல்ல.

ஆனால் பாலத்தைக் கடந்து மறுபடி தண்டுவடத்துக்குள் இறங்கிய இழைகள் ஓரிரு மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டன. என்னைக் கேட்டால், ஆய்வின் பெருமதிப்பு இந்தத் தோல்விப் பாதியில்தான் இருக்கிறது. இழைக்கு வளரத் தெரியும். அதைத் தண்டுவடத்துக்குள் ஏதோ ஒன்று தடுக்கிறது. அப்படியானால் அந்த ஏதோ ஒன்றைத் தேடலாம், பெயர் வைக்கலாம், மருந்தால் மடக்கலாம்.

ஸ்விட்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப் தேடினார். மத்திய நரம்பு மண்டலத்து மையிலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதை 1988இல் அவர் குழு காட்டியது. அவற்றை முடக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்த இளம் எலிகளில், வெட்டுப்பட்ட இழைகள் 7 முதல் 11 மில்லிமீட்டர் வளர்ந்தன என்று 1990இல் அறிவித்தது. கொடுக்காதவற்றில் 1 மில்லிமீட்டரை அரிதாகவே தாண்டின. 2000இல் அப்படிப்பட்ட ஒரு புரதத்தின் மரபணு பிடிபட்டது, பெயர் நோகோ.

அகுவாயோவின் குழு இதற்குள் கண்ணுக்குப் போயிருந்தது. பார்வை நரம்புக்குப் பதிலாகக் கால் நரம்பை வைத்து விழித்திரையையும் மூளையையும் இணைத்தார்கள். வளர்ந்த இழைகள் மூளையில் இணைப்புகளை உண்டாக்கின. 1989இல், கண்ணில் வெளிச்சம் படும்போது ஹாம்ஸ்டரின் மூளைச் செல்கள் மின்துடிப்போடு பதில் சொல்வதையே பதிவுசெய்தார்கள். வளர்ந்த நரம்பு வேலையும் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் அன்று கிடையாது.

பிற்காலம் இந்தச் சித்திரத்தைத் திருத்தியும் இருக்கிறது. சூழல் மட்டுமே காரணம் என்பது முழு உண்மை அல்ல. பீட்டென் என்ற மரபணுவை நீக்கினால், வயதுவந்த எலியின் பார்வை நரம்பிழைகள் அதே பாதகமான சூழலிலும் வளர்கின்றன என்று 2008இல் ஷிகாங் ஹேயின் குழு காட்டியது. நரம்பணுவுக்குள்ளும் ஒரு கடிவாளம் உண்டு.

மனிதர்களுக்கு என்ன கிடைத்தது? கழுத்துப்பகுதித் தண்டுவடம் அண்மையில் காயப்பட்டவர்களுக்கு நோகோ எதிர்ப்பு ஆன்டிபாடியைச் செலுத்தி ஐரோப்பாவில் சோதனை நடந்தது. மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது, கைகளின் இயக்கத்தில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. தண்டுவடம் முழுதாகச் சேதமடையாதவர்களிடம் மட்டும் முன்னேற்றத்துக்கான அறிகுறிகள் இருந்தன. எஞ்சிய இழைகள் கிளைவிட இடமிருக்கும் இத்தகையவர்களை மட்டும் சேர்த்து இனிவரும் சோதனைகளை நடத்துவதுதான் பொருத்தம்.