படத்தைச் சுமப்பது போனா, டிவியா?

போனில் ஓடும் வீடியோவைக் கம்பியில்லாமல் டிவிக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. கடையில் இரண்டையும் ‘காஸ்டிங்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது வெவ்வேறு வேலை.

முதலாவது ஸ்க்ரீன் மிரரிங். போன் தன் திரையில் தெரிவதையெல்லாம் உடனுக்குடன் சுருக்கி வைஃபையில் அனுப்புகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. வைஃபை அலையன்ஸ் 2012இல் கொண்டுவந்த மிராகாஸ்ட் இந்த வகை. போனும் டிவியும் நேரடியாகவே இணைந்துகொள்வதால் ரூட்டர் வேண்டாம், இணையமும் வேண்டாம். இணையம் எட்டாத வகுப்பறையில் ஓர் ஆசிரியருக்கு இது பெரிய உதவி. ஆனால் படம் முடியும்வரை போன் ஓயாமல் உழைக்க வேண்டும். திரையை அணைத்தால் படமும் போகும். பேட்டரி வேகமாகக் கரையும். நடுவில் வரும் வாட்ஸ்அப் செய்தியை வீடே படிக்கும். சுருக்கி விரிக்க நேரம் பிடிப்பதால், விரல் அசைவுக்குச் சற்றுப் பின்னால்தான் டிவி அசையும். கேம் ஆடுபவர்களுக்கு இது சரிப்படாது.

இரண்டாவது வழியில் போன் படத்தைத் தொடுவதே இல்லை. 2013இல், டிவியில் செருகும் டாங்கிளான குரோம்காஸ்டுடன் வந்த கூகுள் காஸ்டில், எந்த வீடியோ, எங்கே இருக்கிறது என்ற தகவலை மட்டும் போன் சொல்லும். டிவியே இணையத்தில் போய் அதை எடுத்துக்கொள்ளும். அதன்பின் போன் வெறும் ரிமோட்தான். அதை அணைத்துப் பையில் போடலாம், யாருடனாவது பேசலாம், படம் நிற்காது. தரமும் குறையாது. ஆனால் செயலியில் காஸ்ட் வசதி இருக்க வேண்டும், இணையமும் வேண்டும். ஆப்பிளின் ஏர்ப்ளே இரண்டு வேலையையும் செய்யும். அனுப்பும் கருவிதான் ஆப்பிளுடையதாக இருக்க வேண்டும். 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றிலும் அது வந்துவிட்டது.

மிரரிங்கில் ஓடிடி படத்தைப் போட்டால் திரை கறுத்துவிடுகிறது என்று பலர் போனைக் குறை சொல்கிறார்கள். போனில் பழுதில்லை. நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு அது. பல கட்டணச் செயலிகளில் உண்டு.

எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத்தரம் மிராகாஸ்ட். அதுவே எல்லாக் கருவிகளிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஐபோனில் அது வரவேயில்லை; கூகுளும் தன் பிக்சல் போன்களில் அதைச் சேர்க்கவில்லை. விண்டோஸ் 8.1 முதல் கணினிகளில் ஆதரவு இருக்கிறது என்பது ஆறுதல். நிறுவனங்கள் ஆளுக்கொரு பாதை போட்டதன் விலையை, பொருந்தாத டாங்கிள்களாக நாம் கொடுக்கிறோம்.

வீட்டில் படம் பார்க்கத்தான் என்றால் கூகுள் காஸ்ட்; ஐபோன் குடும்பம் என்றால் ஏர்ப்ளே; பாடம் நடத்தவும் அலுவலகத்தில் கணினித் திரையைக் காட்டவும் மிராகாஸ்ட். டிவி வாங்கும்போது ‘வயர்லெஸ் டிஸ்ப்ளே உண்டு’ என்ற பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எந்தத் தரம் என்று பெயரைக் கேளுங்கள். உங்கள் போனையே கடையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.