கான்கிரீட்டும் ஊரும்!

தஞ்சோங் மாலிம் இரயில் நிலையத்தில் நிற்கும்போது தண்டவாளத்தின் அடியிலுள்ள கான்கிரீட் சிலிப்பர் கட்டைகளைப் பாருங்கள். அவற்றினுள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் உள்ளன. அந்த ஓயாத அழுத்தத்தில் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். கம்பியின் இழுவிசையும் குறையும். இதுவே ஊர்வு.

உடனடி உருமாற்றத்தை ஊர்வுக் குணகத்தால் பெருக்கினால் ஊர்வின் அளவு கிடைக்கும். நிலையான சுமையால் வெடிப்பில்லாத உத்திரம் 10 மில்லிமீட்டர் தொய்கிறது. குணகம் 2 என்றால், காலப்போக்கில் மேலும் 20 மில்லிமீட்டர் தொய்யும்.

குணகத்தைத் தேர்வதுதான் கடினம். ஈரப்பதம், கனம், சுமையேற்றும்போது கான்கிரீட்டின் வயது என யாவும் அதை மாற்றும். பலாவ் நாட்டில் 1977இல் கட்டிய கோரோர் பாலம் கணித்ததைவிட அதிகமாய், ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. 1996இல் செப்பனிட்ட சில மாதங்களில் இடிந்து, இருவர் மாண்டனர். நண்பர்களே, கட்டிய நாளுக்கு மட்டும் கணக்கிட்டால் போதாது!