கருணைக்கும் கணக்கு வேண்டும்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நேயர்களுக்கு நினைவு வருவது குடவோலை முறை. பராந்தக சோழ மன்னனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், இவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் கல்லெழுத்தாக நிற்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்ததும், ஓலைச் சீட்டுகளில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும், வாரியத்தாருக்கு 360 நாள் தவணை வைத்ததும் பாடப் புத்தகம் வரை ஏறிவிட்ட விஷயங்கள். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்தைக் குறித்து விவாதம் நடந்தபோது, ஆந்திர கேசரி டி. பிரகாசம் இந்தச் சாசனத்தை எடுத்துக்காட்டிப் பேசினார். நாமும் வருஷந்தோறும் மாணவர்களுக்கு இதைப் பெருமிதத்துடன் போதித்து வருகிறோம்.

ஆனால் பெருமை பேசுகிற அவசரத்தில் நாம் மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிற விதி ஒன்று அச்சாசனத்தில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் குடவோலைக்குப் பெயரிடத் தகுதியற்றவர்கள். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியற்றவர்கள். இந்த விதியில் நல்லவன், கெட்டவன் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறர் உடைமையைக் கையில் வாங்கினாய். அதற்குக் கணக்குக் காட்டினாயா? அவ்வளவுதான் கேள்வி.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் நம் முன்னோர் கேட்ட இந்தக் கேள்வியை, அவற்றினும் விலையுயர்ந்த ஒரு பொருளைப் பற்றி நாம் கேட்கிறோமா? பிறர் கையை எதிர்பார்த்து வாழும் முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், பார்வையோ பேச்சோ அறிவுத் தெளிவோ குறைந்தவர்கள் ஆகியோரைத்தான் சொல்கிறோம். இவர்களை ஒப்படைத்த பிறகு எவரேனும் கணக்குக் கேட்பதுண்டா? இதுவே இக்கட்டுரையின் விஷயம்.

பாலேஸ்வரம்

இக்கேள்வியை நாம் ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. குடவோலைக் கல்லெழுத்து இருக்கும் உத்திரமேரூருக்கு அருகேயே பாலேஸ்வரம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஆதரவற்ற முதியோருக்கும் மரணத் தறுவாயில் இருப்போருக்குமாக ஒரு கருணை இல்லம் நடந்து வந்தது. 2018 பிப்ரவரியில், அந்த இல்லத்துக்குச் சென்றுகொண்டிருந்த வேன் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டியின் கூக்குரல் கேட்டு ஜனங்கள் அதை மறித்தார்கள். உள்ளே காய்கறி மூட்டைகளும், உயிருள்ள முதியவர்களும், ஒரு பிரேதமும் ஒன்றாக இருந்தன. அதன் பின்னரே அதிகாரிகள் கூட்டமாக வந்தார்கள், சோதனைகள் நடந்தன, அங்கே தங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மாற்றப்பட்டார்கள். இறந்தோரைச் சிமெண்டு அறைகளில் அடக்கம் செய்யும் வழக்கம் வெளிப்பட்டு ஊரெங்கும் திகில் பரவியது. உடலுறுப்பு வியாபாரம் என்பதுவரை பயங்கரமான குற்றச்சாட்டுகள் எழுந்தன. இல்லத்தார் அவற்றை முற்றிலும் மறுத்தார்கள்; வீதியில் கேட்பாரற்றுச் சாகவிருந்தவர்களுக்குக் கௌரவமான முடிவைத் தந்தோம் என்றார்கள்.

அக்குற்றச்சாட்டுகளுக்குத் தீர்ப்புக் கூற நாம் இங்கே உட்காரவில்லை. நம் கேள்வி வேறு. உள்ளே எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், தாமாக வந்தார்களா, எந்த வைத்தியர் பார்த்தார், யார் எந்த நோயால் இறந்தார்கள் என்ற கணக்கை மாதந்தோறும் ஓர் அந்நியக் கண் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால், அபாண்டமானால் அபாண்டம் அன்றே பொய்த்திருக்கும்; குற்றமானால் குற்றம் அன்றே தடுக்கப்பட்டிருக்கும். கணக்கு இல்லாத இடத்தில் நல்லவனும் தன்னை நிரூபித்துக்கொள்ள முடியாது. பலஹீனனும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. ஒரு மூதாட்டியின் தொண்டையில் எஞ்சியிருந்த சக்தியை நம்பியா ஒரு தாலுகாவின் தர்மம் நிற்பது?

திருமுக்கூடலின் பதினைந்து படுக்கைகள்

தர்ம காரியத்திற்குக் கணக்குக் கேட்பது அன்பில்லாத செயல் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் இதே ஜில்லாவில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போய்வர வேண்டும். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த ‘ஆதுலர் சாலை’ என்ற வைத்தியசாலையைப் பற்றி அது கூறுவது: படுக்கைகள் 15, வைத்தியர் ஒருவர், சஸ்திர சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. இன்னாருக்கு இவ்வளவு நெல், இன்ன மருந்து இவ்வளவு, இரவில் எரிக்கும் விளக்குக்கு இவ்வளவு எண்ணெய் என்று எல்லாவற்றையும் கல்லிலே வெட்டி வைத்தார்கள். போகிறவன் வருகிறவன் எவனும் நின்று, ‘படுக்கை பதினைந்து இருக்கிறதா?’ என்று கேட்கலாம். இக்கணக்கு வைத்தியசாலையின் கருணையைக் குறைத்துவிடவில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக அதற்குச் சாட்சி கூறி வருகிறது.

காப்பதும் கட்டிப்போடுவதும்

கணக்குக் கேட்பாரில்லாத இடத்தில் காப்பு எவ்வாறு சிறையாக மாறும் என்பதற்கு ஏர்வாடியே போதும். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லாவில் உள்ள அவ்வூரில் மனநோயாளர்களை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தாரில் பலர் கொடியவர்கள் அல்ல. குணமாகும் என்று நம்பிப் பணம் கொடுத்து விட்டுப்போனவர்கள். அந்தச் சங்கிலியை யாரும் காணாததல்ல; கண்டவர்கள் அதைச் சகஜம் என்று எண்ணியதுதான் விபரீதம். அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளர் எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று தெளிவாகத் தடை விதித்தது. காப்பது வேறு, கட்டிப்போடுவது வேறு என்பதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற 28 உயிர்கள் தேவைப்பட்டன.

நம் வீட்டின் கதவு

இதுவரை படித்த நேயர்கள், இவை யாரோ நடத்தும் விடுதிகளின் சங்கதி என்று நிம்மதி கொள்ள வேண்டாம். விடுதிக்காவது பெயர்ப் பலகை உண்டு, அதிகாரி நுழையலாம். வீட்டினுள் நுழைபவர் யார்? உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, சமூகத்தில் வாழும் 60 வயது கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணிதத்தில் தமிழ்நாட்டு ஜனத்தொகையில் 60 கடந்தோர் நூற்றுக்குப் பத்துக்கு மேல். மாற்றுத் திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆறில் ஒன்று என்ற கணக்கை நம் தெருவுக்கே போட்டுப் பார்த்தால் தூக்கம் வராது.

கொடுமை என்றால் அடி உதை மட்டுமே என்று எண்ணலாகாது. மருந்து வாங்கித் தராமை ஒரு கொடுமை. நாள் முழுவதும் பேசாதிருப்பது ஒரு கொடுமை. முதியோர் உதவித் தொகை வந்தவுடன் பாங்கிப் புத்தகத்தையும் பணமெடுக்கும் அட்டையையும் பிடுங்கிக்கொள்வது ஒரு கொடுமை. ‘மருந்துச் சீட்டு’ என்று சொல்லித் தானப் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வாங்குவது ஒரு கொடுமை. வாய் பேச முடியாத பெண்ணைத் தனியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவது, வறுமையால் நேர்ந்தாலும், கொடுமைக்கு வாசலைத் திறந்து வைப்பதேயாகும்.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இவை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ‘என் வீடு’ என்று ஒரு வியாசம் எழுதச் சொன்னால் போதும். ‘எங்கள் பாட்டி மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்வாள், அவளுக்குத் தட்டு தனி’ என்று பத்து வயதுப் பிள்ளை கள்ளமில்லாமல் எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறது. நாம் அதில் சந்திப் பிழையைத் திருத்துவதா, சந்ததியின் பிழையைத் திருத்துவதா? அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. முதுமை வந்தவர்க்குத் தட்டு தனி என்பதே அது. முப்பது வருஷம் கழித்து அந்தப் பாடத்தை அது பிழையின்றி ஒப்பிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல சட்டங்கள் இல்லாமல் இல்லை. முதுமையிலும் நோயிலும் அங்கக் குறைவிலும் பிரஜைகளுக்கு உதவுவதை நம் அரசியல் சாசனத்தின் 41-ஆவது ஷரத்து ராஜ்யத்தின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தம்மால் இயலாவிட்டால் நம்பிக்கையான ஒருவர் மூலமாகவோ ஒரு சங்கத்தின் மூலமாகவோ கொடுக்கலாம். மனு வராவிட்டாலும் தீர்ப்பாயம் தானாகவே விசாரிக்கலாம். எதிரிக்கு அறிவிப்புச் சேர்ந்த 90 நாளில் தீர்க்க வேண்டும் என்பது விதி. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்க அச்சட்டம் இடமளித்தது. பிள்ளையில்லாதவர்கள், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். முதியவரை வேண்டுமென்றே கைவிட்டுப் போனால் மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது 23-ஆவது பிரிவு. ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அப்பத்திரத்தையே ரத்துச் செய்யக் கோரலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-ல், இச்சட்டத்தை முதியோரின் நன்மையை நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் கூறியது. ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பாசத்தை நெஞ்சில் வையுங்கள், நிபந்தனையைப் பத்திரத்தில் வையுங்கள்.

மாற்றுத் திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவின்படி, ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கலாம். தாலுகாவில் அவர் வேறு யாருமல்ல, தாசில்தாரே. எவரும் என்ற சொல்லை அழுத்தி வாசிக்க வேண்டுகிறோம். உறவினர்தான் வர வேண்டும் என்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் போதும், பால்காரர் போதும், உபாத்தியாயர் போதும். அவர்களுக்காக நடக்கும் இல்லங்கள் பதிவுச் சான்று பெற்றே நடக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. முதியோருக்காக 2021-ல் நாடெங்கும் தொடங்கிய 14567 என்ற தொலைபேசி உதவி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஊர் செய்யவேண்டியது

சட்டம் மனு வந்த பிறகு நடப்பது. மனு எழுதக் கையும் வாயும் இல்லாதவர்களைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். ஆகையால் ஊர்தான் முதலில் போக வேண்டும். தனியே வாழும் முதியோரின் ஜாபிதாவைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, சமூக ஊழியர் ஒருவருடன் மாதம் ஒருமுறையேனும் சென்று பார்க்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வகுத்த மாதிரி விதிகளே கூறுகின்றன. அந்த ஜாபிதா நம் ஊரில் இருக்கிறதா என்று கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கிராம சபை கூடும் நாட்களில் ஏரியையும் சாலையையும் பற்றிப் பேசுகிறோம். அதே சபையில், நம் ஊரில் தனியே இருப்போர் எத்தனை பேர், படுக்கையில் இருப்போர் எத்தனை பேர், நம் எல்லைக்குள் எத்தனை இல்லங்கள், கடைசியாக அங்கே போய்ப் பார்த்தது யார், எப்பொழுது என்று ஒரு கணக்கு வாசிக்கக் கூடாதா? மானங்கருதிப் பெயரைச் சொல்லாமல் தொகையை மட்டும் வாசித்தாலும் போதும்.

போய்ப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதியவரைப் பராமரிப்பவரின் முன்னிலையில் ‘சௌக்கியமா?’ என்று கேட்டால், ‘சௌக்கியம்’ என்றுதான் பதில் வரும். அவரைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும். பேசாவிட்டால் தட்டையும் படுக்கையையும் மருந்துப் பெட்டியையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, அவருடைய விருப்பத்தைக் கேளாமல் அவரைத் தூக்கிக்கொண்டு எந்த இல்லத்திலும் சேர்த்துவிடக் கூடாது. பலம் குறைந்தவருக்கு அபிப்பிராயமும் குறைந்துவிட்டது என்று நினைப்பதே கொடுமையின் முதற்படி. அதோடு, வருஷக்கணக்காக இரவு பகல் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மருமகளையோ மகனையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வந்துவிடலாகாது. வாரத்தில் ஒரு பொழுதாவது வேறொருவர் உட்கார்ந்து அவர்களை ஓய்வெடுக்க விட்டால், பல வீடுகளில் கோபம் கொடுமையாக முற்றாமலே நின்றுவிடும்.

உத்திரமேரூர்ச் சபையில் நிலமும் வேத அத்தியயனமும் உடைய பிராமண ஆடவருக்கு மட்டுமே இடமிருந்தது; 921-ஆம் வருஷத்து விதிப்படி 35 வயதுக்குக் குறைந்தவருக்கும் 70 வயது கடந்தவருக்கும் வாரியத்தில் இடமில்லை. 70 கடந்த பிறகு அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அந்த விதிகள் சொல்லவில்லை. இன்றைய சபையில் யாவருக்கும் இடமுண்டு. கணக்குக் கேட்கும் உரிமையும் யாவருக்கும் உண்டு. வரும் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும்போது, உங்கள் ஊரில் எழுந்து நின்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை என்றால், அன்று மாலையே இருவர் புறப்பட்டு, தெருக்கோடியில் உள்ள முதல் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.