ஓநாய்த் தீவைச் சுற்றி

காற்று வீசினால் மழை வரும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் திரெங்கானு நனைந்துவிடும். ஸ்பெயினுக்குரிய கேனரித் தீவுகளில் ஒன்றான லோபோஸில் இக்கணக்கு பொய்த்ததைக் கண்டேன். அங்கும் வடகிழக்கிலிருந்து கடற்காற்றுதான் வீசுகிறது. ஆனால், அதன் ஈரம் மேகமாகத் திரள, உயர்ந்த மலை அதைத் தடுத்து மேலே ஏற்ற வேண்டும். லோபோஸின் உச்சியோ 127 மீட்டர்தான்! எனவே, காற்று மழை தராமல் கடந்துவிடுகிறது.

படகுத்துறையில் தொடங்கும் நடைபாதை எரிமலைக் குன்று, வடக்கே கலங்கரை விளக்கம், எல் புவெர்திட்டோ என்னும் குடியிருப்பு எனத் தீவைச் சுற்றித் துறைக்கே திரும்புகிறது. ஏறத்தாழ 3 மணி நேரம் நடந்தேன். ஒதுங்க நிழலில்லை, குடிநீரைச் சுமந்தே செல்ல வேண்டும்.

‘லோபோஸ்’ என்றால் ஓநாய்கள். ‘கடல் ஓநாய்’ எனப்பட்ட கடல்நாய்கள் இங்கு வாழ்ந்தன. மனிதர்கள் வேட்டையாடி அழித்தனர். பெயர் மட்டுமே மிச்சம்.

இன்று முன்அனுமதி பெற்றவர்கள் மட்டுமே செல்லலாம்: காலையில் 200 பேர், பிற்பகலில் 200 பேர். பாதையை விட்டு விலகக்கூடாது. மழையற்ற மண்ணில் மிதிபட்ட செடி எளிதில் மீளாது. கடல்நாய்களுக்குக் கிடைக்காத காவல் செடிகளுக்காவது கிடைத்திருக்கிறது.