தைராய்டு: அன்று மூச்சை அளந்தார்கள், இன்று ரத்தத்தை அளக்கிறோம்

வயிறாரச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்துக் கொட்டுகிறது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் இப்படித்தான் ஆகும். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியின் பாசெடோ 1840-லும் கழுத்து வீக்கம், பிதுங்கிய கண், படபடப்பு மூன்றையும் ஒரே நோயாகச் சேர்த்து எழுதிவைத்தார்கள். மூன்றும் தெரிந்தால் சிக்கல் இல்லை. கண்ணும் பிதுங்காமல் கழுத்தும் வீங்காமல் வந்தவர்களில் பலரை 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

1895-ல் ஜெர்மானிய மருத்துவர் மாக்னுஸ் லெவி, இந்த நோயாளிகள் ஓய்வில் இருக்கும்போதும் ஆக்சிஜனை அதிகம் செலவழிப்பதைக் கண்டறிந்தார். அதன் பிறகு 1950-கள் வரை மூச்சை அளப்பதே முக்கியப் பரிசோதனை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு மூக்கை கிளிப்பால் இறுக்கி, வாயில் ரப்பர் குழாயைப் பொருத்துவார்கள். ஆக்சிஜன் நிரம்பிய கலத்திலிருந்து மூச்சிழுக்க இழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சுழலும் தாளில் பேனா கோடு போடும். கோட்டின் சரிவை வைத்துக் கணக்கிடுவார்கள். காய்ச்சல் இருந்தாலும், நோயாளி பயந்துபோயிருந்தாலும் கணக்கு ஏறிவிடும். பயந்தவர் யார், தைராய்டு நோயாளி யார் என்று பிரிக்கவேண்டிய சோதனையைப் பயமே கெடுத்தது.

1959-ல் கிளாஸ்கோவில் எட்வர்ட் வெய்னும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். குளிர்ச்சியை விரும்பினால் 5 கூட்டு, வெப்பத்தை விரும்பினால் 5 கழி, எடை குறைந்திருந்தால் 3 கூட்டு. மொத்தம் 19-க்கு மேல் போனால் நோய், 11-க்குக் கீழே என்றால் இல்லை. இடைப்பட்டவர்களின் நிலை சந்தேகம்தான். ஆனால் அந்தப் பட்டியலை நிரப்ப மருத்துவர் நோயாளியைக் கேட்டு, தொட்டு, பார்த்தே ஆகவேண்டும்.

இன்று சிறிய ஊர் லேபிலும் ரத்தம் கொடுத்தால் டி.எஸ்.எச். அளவு கிடைத்துவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைக் கொண்டுதான் தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்தால் டி.எஸ்.எச். தரைதட்டிவிடும். 1960-களில் வந்த முதல் சோதனைகளால் இயல்பான அளவையும் குறைந்த அளவையும் பிரிக்க முடியவில்லை. 1980-களில் அந்த நுட்பம் கைகூடியது.

கருவி இருந்தால் மட்டும் போதாது, சந்தேகப்பட ஒருவர் வேண்டும். அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெயில் டெவர்ஸ் 1988 சியோல் ஒலிம்பிக் காலத்திலேயே நலிந்துபோனார். அவருக்குக் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது 1990-ல். சிகிச்சைக்குப் பின் 1992-ல் பார்சிலோனாவில் 100 மீட்டர் தங்கம் வென்றார்.

அன்று நோயைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இன்றைய சிக்கல் வேறு: எண் கிடைத்ததும் விசாரணையை முடித்துவிடுகிறோம். டி.எஸ்.எச். குறைவு என்பது பாதி விடைதான். கிரேவ்ஸ் நோயில் சுரப்பியே கூடுதலாகச் சுரக்கிறது. தைராய்டு அழற்சியிலோ, சேமித்து வைத்த ஹார்மோன் கசிகிறது; அது பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும். சுரப்பதைத் தடுக்கும் கார்பிமசோல் அங்கே பயன்படாது. அரிதாக வெள்ளணுக்களைக் குறைத்து ஆபத்தும் தரும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். இறங்குவது பலருக்கு இயல்பு. முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில லேப் முறைகளில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது. மறுபுறம், நோய் இருந்தும் முதியவர்களுக்குப் படபடப்பே தெரியாமல் சோர்வும் எடைக்குறைவும் மட்டும் வரலாம்.

காரணத்தைப் பிரித்தறிய இன்று வழி இருக்கிறது. ஃப்ரீ டி4, டி3 அளவுகள், கிரேவ்ஸ் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் சோதனை, தேவைப்பட்டால் கதிரியக்கப் பொருளைச் சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் அணு மருத்துவ ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது.

ஆகவே, ரிப்போர்ட்டை வாங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லி, ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிடும் தைராய்டு மாத்திரை, சமீபத்தில் வந்த கழுத்து வலி, காய்ச்சல் எதையும் மறைக்காதீர்கள். "எனக்கு ஏன் டி.எஸ்.எச். குறைந்திருக்கிறது?" என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்த பிறகு தொடங்கும் சிகிச்சைதான் சரியான சிகிச்சை.